அட்டென்டன்ஸ்

நான்கு பள்ளிகள் கைவிரித்த பிறகு ஐந்தாவது பள்ளி நிறைமதியைச் சேர்த்துக்கொண்டது. "எல்லாப் பிள்ளைங்களையும் போலத்தாம்மா பாத்துக்குறோம்" என்று டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் தமயந்தி ஒரு வருடத்தை ஓட்டினாள். எட்டு வயதாகியும் அம்மா என்றுகூட அழைக்காத மகள், ஒரு மாலை குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள். அச்சு அசலாக டீச்சரின் குரல்.

"அபிநயா. உள்ளேன் டீச்சர். ஜெனிபா. உள்ளேன் டீச்சர்."

வகுப்பின் பெயர்கள் வரிசை பிசகாமல் வந்தன. பேச்சு வந்துவிட்டது, வந்தேவிட்டது என்று தமயந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைமதி. அது கெடக்கு, விடு. பவித்ரா. உள்ளேன் டீச்சர்."

கடைசிப் பெயர் முடிந்ததும் மகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தமயந்தி ஈரத்தரையில் மண்டியிட்டு, அந்தப் பெயர் வரும்வரை காத்திருந்தாள். வந்த உடனே முந்திக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

நிறைமதி நிறுத்தினாள். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

"அபிநயா" என்றாள்.