பூங்கொத்தில் ஒரு பிழை

“ஐ வெரி லைக் ஒஸ்லோ” என்றாள் லுட்மிலா, மறுபடியும்.

ஆங்கில ஆசிரியை வதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எத்தனை தரம் திருத்துவது? ரஷ்யர்களின் தலைக்குள் இருப்பது மூளையா, களிமண்ணா?” என்று வகுப்பே அதிர ஆங்கிலத்தில் கத்தினாள். லுட்மிலாவின் முகம் சிவந்தது.

கடைசி நாள் வகுப்பு முடிந்ததும் அதே லுட்மிலா சிவப்பு ரோசாக் கொத்தொன்றை நீட்டினாள். வதனி உருகிப்போனாள். கூட்டிப்போக வந்திருந்த கணவன் குகனிடம் திரும்பினாள்.

“பாத்தியளே? ஏசினாலும் மரியாதை தெரிஞ்ச மனிசி.”

குகன் எண்ணிப் பார்த்தான். “எட்டுப் பூவெல்லே இருக்கு! நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையாயெல்லோ குடுக்கிறது?”

“அதுகளுக்கு உந்த முறையெல்லாம் எங்கை தெரியும்? உதையும் நான்தான் திருத்தோணும்.”

லுட்மிலாவைப் பக்கத்தில் அழைத்து, தமிழர் வழக்கத்தைப் பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினாள்.

லுட்மிலா புன்னகைத்தாள். “தெரியும். எங்கள் நாட்டிலும் அப்படித்தான். இரட்டைப்படையில் பூக் கொடுப்பது பிணத்துக்கு மட்டும்தான்.”

அவள் பேசிய ஆங்கிலத்தில் திருத்துவதற்கு ஒரு பிழைகூட இருக்கவில்லை.