சுவர் நிறைந்த முகம்

கத்தாரில் வேலை பார்க்கும் மகன் ஜெரால்டு வாங்கித் தந்த டிவி, கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் திரையோடு ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் அருளப்பன் உரிக்க விடவில்லை. கீறல் விழுந்துவிடுமாம். ஞாயிறுதோறும் மகன் வீடியோ அழைப்பில் அந்தத் திரையில் வருவான். முகம் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் புகைக்குள் இருப்பதுபோல.

இந்த ஞாயிறு அவன் அழைக்கும் முன்பே மனைவி பிலோமினா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, எச்டி எச்டின்னு பெருமையடிச்சீங்க. பிள்ளை பனியில நிக்கிற மாதிரில்ல இருக்கான்!"

"குரல் நல்லாத்தானே கேக்குது?"

"நான் குரலையா பெத்தேன்?"

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உரிச்சுத் தொலை."

அவள் மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தாள். தாள் சரசரவென்று முழுசாகக் கையோடு வந்தது.

சற்று நேரத்தில் ஜெரால்டு வந்தான். ஒவ்வொரு முடியும் தெரிந்தது. கன்னங்கள் ஒட்டியிருந்தன. கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"நல்லா இருக்கேம்மா. சாப்பாடு, ரூம் எல்லாம் சூப்பர்" என்றான், எப்போதும்போல.

அருளப்பன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதும் குறைத்தார். இருவரும் நாற்காலிகளைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு மகனைப் பார்த்தார்கள்.