நிக்காத ஆளுக்கு ஒரு கேமரா

"ஞாயித்துக்கிழமை நீங்க போனைத் தொடவே கூடாது அண்ணி. படமெல்லாம் நான் எடுத்துக்கறேன்."

கேமரா கடைப் படியேறும்போது நாத்தனார் இப்படிச் சொன்னதும் அண்ணிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

மாமனார் ரிட்டயர் ஆனதுக்கு ஞாயித்துக்கிழமை வீட்டுல விருந்து. சொந்தக்காரங்க மொத்தமும் வருது. அந்த வீட்டுல அண்ணி சமையலுக்குக் குத்தம் சொல்ல ஆள் உண்டு. துணி மடிக்கிறதுக்குக் குத்தம் சொல்லக்கூட தனியா ஒரு ஆள் உண்டு. படத்துக்கு மட்டும் இதுவரைக்கும் யாரும் வாயைத் திறந்ததில்ல. மருமக எடுத்தாத்தான் என் தொப்பை தெரியாதுன்னு மாமனாரே தேடி வந்து நிப்பாரு.

வாழ வந்த வீட்டுல கிடைச்ச ஒரே பதவி. அதையும் இந்தக் குருவி கொத்திட்டுப் போகப் பாக்குது.

குருவிங்கறது நாத்தனாருக்கு வீட்டுல வெச்ச செல்லப் பேரு. போட்டோகிராஃபி படிப்புல சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. சொந்தமா கேமரா வேணும்னு கேட்டதும் அண்ணன்காரன் சரின்னுட்டான். லீவு கிடைக்கலன்னு துணைக்குப் பொண்டாட்டியைத் தள்ளி விட்டுட்டான்.

கடைக்காரர் வாயெல்லாம் பல்லா வரவேத்தாரு. அண்ணி கண்ணு நேரா இருக்கறதுலயே பெருசு மேல போய் விழுந்துச்சு. கருப்பா, மூக்கு நீட்டமா, கழுத்துல மாட்டினா ஆளையே குனிய வெக்கிற சைஸு. இதைத் தூக்கினா உங்க பெரியம்மா கூட பேச்சை நிறுத்திட்டு ஒழுங்கா நிப்பாங்கடின்னு சிபாரிசு பண்ணினா.

குருவி அதைத் தொடக்கூட இல்ல. இதைப் பார்த்தா அந்த ஆளு உஷாராயிடும்னு சொல்லிட்டு அடுத்த அலமாரிக்குப் போயிட்டா.

எந்த ஆளு? அண்ணிக்கு அங்கதான் முதல் சந்தேகப் பொறி.

என்ன எடுக்கப் போறீங்க, பூவா, மலையா, கல்யாணமான்னு கடைக்காரர் விசாரிச்சாரு.

"ஒரு ஆளு சார். ஒரு இடத்துல நிக்காது. கேமராவைக் கண்டா மூஞ்சியை மறைச்சுக்கும், இல்லன்னா நழுவிடும். பாதி நேரம் வெளிச்சம் இல்லாத மூலையிலதான் இருக்கும்."

"பூனையாம்மா?"

"பூனை கூட சாப்பிடறப்ப நிக்கும் சார். இது அப்பவும் நிக்காது."

கடைக்காரர் சிரிச்சாரு. அண்ணி சிரிக்கல. ஒரு இடத்துல நிக்காதவன்னா ஊர் சுத்தறவன். வெளிச்சத்துக்கு வராதவன்னா உருப்படாதவன். ரெண்டும் ஒருத்தனா இருந்தா, வீட்டுக்குப் போய் யாரு பதில் சொல்றது? துணைக்குப் போனியே, உனக்குக் கண்ணு எங்க போச்சுன்னு நாளைக்கு நம்மளைத்தானே கேப்பாங்க? விருந்துக்குப் படம் எடுக்கறேங்கறதெல்லாம் சும்மா, கை பழகறதுக்கு. அசலு ஆளு வேற எங்கயோ நிக்கறான். இல்ல, நிக்காம ஓடறான்.

குருவி அதுக்குள்ள கடையை ரெண்டாக்கிட்டிருந்தா. கையில எதையாவது தூக்கிக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடங்க சார்னு கடைக்காரரையே விரட்டினா. பாவம், மனுஷன் ஒரு அட்டைப்பெட்டியை இடுப்புல இடுக்கிக்கிட்டு வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நடந்தாரு. சிரிக்காதீங்க, வேலைக்கு நடுவுல இருக்கற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கங்கன்னு வேற உத்தரவு.

ஒரு கேமராவுல படம் ஆட்டம் கண்டுச்சு. ஒண்ணு அலமாரிக்குப் பின்னால இருட்டுல ஃபோகஸ் ஆகாம திணறுச்சு. இன்னொண்ணுல படம் என்னமோ நல்லாத்தான் விழுந்துச்சு, ஆனா தட்டினதும் 'டப்'புன்னு சத்தம். சத்தம் கேட்டா திரும்பிடும் சார், அப்புறம் இழுத்துப் பிடிச்சு ஒரு சிரிப்பு சிரிக்கும், அது வேண்டாம்னு அதையும் ஒதுக்கிட்டா.

கடைசியில அவ எடுத்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. பார்த்தா சோப்பு டப்பா. சத்தமே இல்ல. மங்கல் வெளிச்சத்துலயும் கடைக்காரர் நெத்தியில இருந்த வேர்வை வரைக்கும் விழுந்திருந்துச்சு. நடந்த மனுஷனுக்கு வேர்க்காம என்ன பண்ணும்.

முதல் கேமராவுக்கு இவ்வளவு தெளிவா கேட்டு வாங்கற பொண்ணை நான் பார்த்ததில்லம்மான்னு சொல்லிட்டு, அவரு பெட்டியில போட உள்ள போனாரு.

இதுதான் சமயம்னு அண்ணி அவ கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தா. சத்தமும் போடல, கோவத்தையும் காட்டல. அந்த மாதிரி நேரத்துலதான் அண்ணிக்கு நிஜமாவே கோவம்னு குருவிக்குத் தெரியும்.

"யாருடி அந்த ஆளு? அது தெரியாம அந்தப் பெட்டி இந்தப் படி இறங்காது."

குருவி கையை உருவிக்கிட்டா.

"கிளாஸ்ல சார் சொன்னாரு அண்ணி, வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தரோட படமும் ஒண்ணு கொண்டு வாங்கன்னு. உங்க போனைத்தான் உக்காந்து முழுசாத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்பா அம்மாவுக்குக் கணக்கே இல்ல. அண்ணன் கொட்டாவி விடறது கூட இருக்கு. தண்ணி கேன் போடறவரு ரெண்டு படத்துல நின்னு சிரிக்கறாரு."

"அதுக்கு?"

"கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் உங்களைத்தான் அண்ணி காணோம். இத்தனை வருஷத்துல கிடைச்சது, ஒரு படத்து ஓரத்துல உங்க கட்டைவிரல் மட்டும்தான்."