பக்கச் சுவரில் ஒரு படிக்கட்டு

"இது தீ விபத்துக்குன்னு கட்டின படி," என்றாள் டாட்டி, குடை நுனியால் காட்டியபடி.

வெர்லீனுக்குச் சுருக்கென்றது.

காலையிலிருந்து அவள் அடக்கிக்கொண்டுதான் வந்தாள். பருத்திக் கிடங்கின் வாசலில், இங்கே கறுப்பின ஆட்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டே மூட்டை தூக்கினார்கள் என்று டாட்டி அளந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

டாட்டி அந்த டெக்ஸாஸ் சிற்றூரின் பாரம்பரியச் சங்கத் தலைவி. வருஷத்துக்கு ஒருநாள் அந்தக் காலத்து நீளப் பாவாடையும் பூத்தொப்பியும் மாட்டிக்கொண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவாள். இன்றும் பத்துப் பன்னிரண்டு பேர் லெமனேட் உறிஞ்சிக்கொண்டு அவள் பின்னால் வந்தார்கள். அதில் கறுப்பினத்தவள் வெர்லீன் ஒருத்திதான்.

இப்போது நின்றது மூடிக் கிடந்த சினிமா தியேட்டர் முன்னால். பக்கச் சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு பால்கனிவரை ஏறியது.

"அசிங்கமா இல்ல? கட்டடத்தோட அழகையே கெடுக்குது," என்றாள் டாட்டி. "ஹூஸ்டன்காரங்க யாரோ வக்கீல் மூலமா தியேட்டரை வாங்கியிருக்காங்க. கதவு திறக்க இப்ப வந்துடுவாங்க. கையோட இதை இடிக்கச் சம்மதம் வாங்கிடுவேன்."

அதற்குமேல் வெர்லீனால் முடியவில்லை.

"தீ பிடிச்சா இறங்கி ஓடுறதுக்குத்தானே மேடம் படி? அப்புறம் அடியில எதுக்கு டிக்கெட் ஜன்னல்? எரியுறப்போ டிக்கெட் கேப்பாங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள்.

"அது காத்துக்கு வச்சது, கண்ணு. நீ நினைக்கிற மாதிரியெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்."

கண்ணாம்! இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

காற்றுக்காம்! சின்ன வயதில் அந்த ஓட்டையில் கையை விட்டு டிக்கெட் வாங்கியவள் வெர்லீன். அன்று கறுப்பர்களுக்கு இந்தப் படியும் பால்கனியும் மட்டும்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்வாசல் வழியாக ஏசிக்குள் போவார்கள். அவளும் அம்மாவும் கொதிக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். பாப்கார்ன் வாசனை மட்டும் பால்கனிக்கு வரும். வாங்கக் கீழே போனால் விடமாட்டார்கள்.

இந்தப் படியையும் பெயர்த்துவிட்டால் தீர்ந்தது. கேள்வி கேட்க ஒன்றும் மிஞ்சாது. ஒரே குடும்பம் என்று பொறித்து, சுவரில் பளபளவென்று ஒரு தகடும் மாட்டிவிடுவார்கள்.

"என்ன, இன்னும் காணோம்," என்று டாட்டி தெருவைப் பார்த்தாள். கூட்டம் முன்வாசல் நிழலுக்கு நகர்ந்தது.

வெர்லீன் நகரவில்லை. கைப்பையைத் திறந்து துழாவினாள். பிறகு இரும்புப் படியில் கால் வைத்து, ஒவ்வொன்றாக ஏறினாள்.

"கண்ணு, அங்கெல்லாம் ஏறக்கூடாது! இறங்கு!" டாட்டி கத்தினாள்.

மேலே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பால்கனிக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது.

"முன்வாசலை நான் திறக்கிறதா இல்ல," என்றாள் வெர்லீன் மேலேயிருந்து. "உள்ளே பார்க்கணும்னா எல்லாரும் இந்த வழியா வாங்க."

எல்லாரும் டாட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஏறினார். அவர் பின்னால் இன்னொருவர். கடைசியில் டாட்டி மட்டும் கீழே நின்றாள், பாவாடையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு.

"மெதுவா வாங்க மேடம். எங்கம்மா மூட்டுவலியோட ஏறினவங்க."