பாயசப் பாத்திரத்தின் மூடி

துருவ முகாமில் மாதக்கணக்கான இருட்டு முடிந்து சூரியன் எட்டிப் பார்க்கும் நாள். சமையல்காரர் லூர்துசாமி வழக்கம்போல் பாயசத்தோடு பனிவெளிக்கு வந்தார். வானத்தில் சிப்பியின் உட்புறம்போல ஒரு மேகம் மின்னியது.

"ரெஜினா, என்ன அழகா இருக்கு பாரு!"

ஓசோன் அளக்கும் பலூனைப் பிடித்திருந்த மனைவி நிமிரவில்லை. "கடுங்குளிர்லதான் அந்த மேகம் வரும்ங்க. நம்ம பழைய ஃபிரிட்ஜ்கள்லேர்ந்து கசிஞ்ச வாயுவுல தூங்கிட்டிருந்த குளோரினை அது எழுப்பி வச்சிருக்கு. வெயில் பட்டதும் குளோரின் ஓசோனைத் தின்ன ஆரம்பிச்சிரும்."

சூரியன் கீற்றாக எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் பாத்திரத்தின் மூடியை உயர்த்தி, அவள் கண்ணுக்குச் சூரியன் தெரியாமல் மறைத்தார்.

"நீ பலூனை விடுற வரைக்கும் வெயில் வராம நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் பலூனை விடாமல் நின்றாள்.