ஆள் பிடித்த குற்றம்

"ஒரு வருஷத் தடையெல்லாம் ஒரு தண்டனையா பாய்? மூணு வருஷம் கிரவுண்டுப் பக்கமே அவனுங்க தலைவச்சுப் படுக்கக் கூடாது!"

கால்பந்துச் சங்கத் தலைவர் செய்கு அலாவுதீன் முன் மேசையைத் தட்டியவன் பெர்சி. வளைகுடாவின் அப்பாசியாவில் அவன் வீட்டு வரவேற்பறை அந்த வெள்ளிக்கிழமை நீதிமன்றமாகியிருந்தது. புதிய கால்பந்து சீசன் தொடங்குமுன் வழக்கைத் தீர்க்க வேண்டும்.

பெர்சி நடத்தும் அணியின் நட்சத்திரம் பிரைட். கோடைக்கு முன் நடந்த இறுதியாட்டத்தில் கோப்பையை வாங்கித் தந்தவன். பெர்சியும் மற்றவர்களும் விடுமுறைக்கு ஊர்போய்த் திரும்புவதற்குள், எதிரணித் தலைவன் பத்திநாதன் அவனைத் தன் அறைக்கே கூட்டிப் போய்விட்டான். அறையையும் சாப்பாட்டையும் காட்டி அடுத்த அணியின் ஆளை இழுக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி.

"கீழ்க் கட்டிலையே குடுத்திருக்கானாம் பாய்! பேச்சிலர் ரூம்ல கீழ்க் கட்டில் சும்மா கிடைக்குமா?" என்றான் பெர்சி.

எந்த அணிக்கும் ஆடாமல் எல்லா ஆட்டத்துக்கும் வரும் மாயாண்டி குறுக்கிட்டான். "மூணு வருஷம்னா பாதிப் பேர் விசா முடிஞ்சு ஊர் போய்ச் சேர்ந்துருவான். அது தடையில்ல அண்ணாச்சி, தூக்கு!"

"தூக்குல போட்டாத்தான் அடுத்தவன் பயப்படுவான்."

தேநீரோடு வந்தாள் பெர்சியின் மனைவி லீமா. "போனவனுக்கு ஒரு போனாவது போட்டுக் கேட்டீங்களா, ஏண்டா போனேன்னு?"

"நன்றி கெட்டவன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்?"

"பேசிட்டா கோபப்பட முடியாம போயிரும். அதானே?"

மாயாண்டி சிரிப்பைத் தேநீரோடு விழுங்கினான். பெர்சிக்கு மனைவியின் மேல் வந்த எரிச்சலும் பத்திநாதன் கணக்கிலேயே சேர்ந்தது.

பத்திநாதன் வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான். தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"பிரைட் உங்க ரூம்லயா இருக்கான்?"

"ஆமா பாய்."

"வாடகை?"

"வாங்குறதில்ல."

"சாப்பாடு?"

"நாங்கதான் போடுறோம்."

"கீழ்க் கட்டில்?"

"என்னோடது. குடுத்துட்டேன்."

"எப்படிக் கூசாம சொல்றான் பாருங்க!" பெர்சி துள்ளினான்.

"விதி தெரியும்ல தம்பி?"

"தெரியும் பாய். நான் என்ன சொன்னாலும் சாக்குன்னுதான் தோணும். நீங்க முடிவு பண்ணுங்க."

மறுக்காத குற்றவாளிக்கு வாதாட மாயாண்டியாலும் முடியவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பத்திநாதன் டீமுக்கு மூணு வருஷத் தடை. பிரைட் பழைய டீமுக்கே திரும்பணும். தங்குறதும் அவங்க ரூம்லதான். கலாஸ், முடிஞ்சது!"

பெர்சியின் மனம் குளிர்ந்தது. ஜெயித்தவனுக்கே வாய்க்கும் பெருந்தன்மையோடு எழுந்தான்.

"பத்தி, கோபம் வேண்டாம். எங்க பசங்க ரூம்ல இடம் இருக்கு. இன்னைக்கே அவனை அனுப்பிரு."

"நாலு பேரை அனுப்பு பெர்சி. லிஃப்ட் இல்லாத கட்டடம். நாற்காலியோட தூக்கித்தான் இறக்கணும்."

"தூக்கணுமா? எதுக்கு?"

"பைனல்ல கடைசி கோல் அடிச்சு விழுந்தான்ல, அன்னைக்கே முட்டி போச்சு. நீங்க கோப்பையோட வேன் ஏறிட்டீங்க. ஆஸ்பத்திரிக்கு நாங்கதான் கொண்டு போனோம். ஆபரேஷன் பண்ணியும் சரியாகல. இனிமே பந்து தொடவே கூடாதுன்னுட்டாங்க."

பெர்சி லீமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

வாசல்வரை போன பத்திநாதன் திரும்பினான்.

"அவனைக் குளிப்பாட்டி விடுறதுக்கு நாங்க முறை போட்டிருந்தோம். நாளைக்கு உங்க டீம்ல யாரு முறை?"