சுண்ணாம்பு வீடு

பேரூராட்சி ஆட்கள் வந்து, தார்ப்பாய்க் குடிசைக்குப் பக்கத்துத் தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை வரைந்து, பவுனம்மாளை அதன் நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கூடம், சமையலறை, சின்னதாக ஓர் அறை. கோடு விட்டிருந்த இடம் வாசல். சீக்கிரமே பேருந்து நிலையப் பலகையில், பேரூராட்சி ஏழைகளுக்குக் கட்டித்தந்த வீடுகளின் எண்ணிக்கையில் அதுவும் சேர்ந்துவிட்டது. பவுனம்மாள் வாசல் வழியாகவே போய்வந்தாள். பக்கத்துக் குடிசை எஸ்தர் புளி கேட்டுக் கோட்டைத் தாண்டி வந்தாள்.

“ஏன்டி செவுத்துக்குள்ள பூந்து வர்ற? வாசல் எதுக்கு இருக்கு?”

“காலிங் பெல் எங்கன்னு தெரியலக்கா” என்று சிரித்தாள் எஸ்தர்.

பவுனம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தால் அவளால் அழ முடிந்தது. கணவன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. வெட்டவெளிதான், ஆனாலும் அங்கே தன்னை யாரும் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழை ஒரு பகல் முழுக்கப் பெய்தது. மழை வெறித்தபோது தரையில் கோடு இல்லை. பவுனம்மாள் அறையைத் தேடினாள். எங்கே நின்றாலும் வெளியேதான் நின்றாள்.

எஸ்தர் மீன்குழம்புக் கிண்ணத்துடன் வந்தாள். ஈரத்தரையையும் பவுனம்மாளின் முகத்தையும் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய், ஓரிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“அக்கா, உள்ள வரலாமா?”

பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இருடி, தாப்பாள எடுக்குறேன்.”